விலை குறைந்த குதிரைகளைக் கொண்டு பந்தயத்தில் ஜெயிப்பது எப்படி: புதிய பயிற்சியாளருக்கு முழு வழிகாட்டி

மலிவு விலைக் குதிரைகளை வைத்து ஓர் இளம் பயிற்சியாளர் அடுத்தடுத்து ஜெயித்துவிட்டால், "அவருக்குக் குதிரை பார்க்கும் கண் இருக்கிறது" என்பார்கள். கண் வேண்டும்தான். ஆனால் குதிரையை வாங்கிய நாளுக்கும் அது முதல் பந்தயம் ஓடிய நாளுக்கும் நடுவில் என்னென்ன வேலை எந்த வரிசையில் நடந்தது என்பதுதான் பாதிக்கு மேல் முடிவு செய்கிறது. புதிதாக லாயம் தொடங்குபவர்கள் சறுக்குவதும் அந்த வரிசையில்தான். நான் செய்து பார்த்து, பிறர் தடுக்கி விழுந்த இடங்களையும் கவனித்து, அந்த வரிசையை இங்கே எழுதியிருக்கிறேன்.

1. ஏலத்துக்குப் போகும் முன் கணக்கு

மலிவுக் குதிரையில் வாங்கும் விலை சின்ன செலவு. தீனி, லாடம், மருத்துவர், சவாரி செய்பவர், வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து ஒரே வருடத்தில் வாங்கிய விலையைத் தாண்டிவிடும். விலை உயர்ந்த குதிரை தின்னும் அளவுதான் மலிவுக் குதிரையும் தின்னும்.

அதனால் கையில் இருக்கும் பணத்தை இப்படிப் பிரியுங்கள். முதலில் ஒரு குதிரைக்கு ஒரு வருடப் பராமரிப்பை எடுத்து வையுங்கள். பிறகு, எதிர்பாராத மருத்துவச் செலவுக்கு ஒரு தொகை. மிச்சம் எவ்வளவோ அதுதான் குதிரை வாங்கும் பணம். இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் நான்காவது மாதத்தில் பணம் தீர்ந்து, தயாராகாத குதிரையைப் பரிசுப் பணத்துக்காகப் பந்தயத்தில் விடுகிறார்கள். கால் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

நல்ல லாடம் அடிப்பவர், பந்தயக் குதிரைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர், கை மென்மையான ஒரு சவாரிக்காரர். இந்த மூவரும் கிடைக்கும் வரை குதிரை வாங்காதீர்கள்.

2. குதிரை ஏன் மலிவு என்று கண்டுபிடியுங்கள்

சும்மா மலிவாகக் கிடைக்கும் குதிரை கிடையாது. விலை இறங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் உங்களால் சரிசெய்யக் கூடியதா, பொறுத்திருந்தால் தானாகத் தீருமா, எந்நாளும் தீராததா என்று பிரிப்பதுதான் உங்கள் தொழில். இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பொறுத்திருந்தால் தீரும் காரணங்களில் முதலாவது, பிறந்த மாதம். வட அரைக்கோளத்தில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடுகிறது. தென் அரைக்கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் 1. வட அரைக்கோளத்தில் மே மாதக் கடைசியில் பிறந்த குட்டியும் ஜனவரியில் பிறந்த குட்டியும் ஏட்டில் ஒரே வயது. ஏலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மே குட்டி சின்னதாக, தசை இல்லாமல் தெரியும். விலையும் இறங்கிவிடும். மூன்று, நான்கு வயதில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. காத்திருக்க உங்களிடம் பணம் இருந்தால் இதைவிட நல்ல மலிவு வேறு இல்லை.

இரண்டாவது, அழகுக் குறை. காது தொங்குவது, தலை பெரிதாக இருப்பது, உடம்பில் பழைய தழும்பு. இவை ஓட்டத்தைத் தொடுவதில்லை.

மூன்றாவது, கால் அமைப்பில் சின்னக் கோணல். இங்கே நிதானம் வேண்டும். முன்னங்கால் பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருப்பதோடு நன்றாக ஓடிய குதிரைகள் நிறைய உண்டு. சியாட்டில் ஸ்லூவின் வலது முன்னங்கால் அப்படித்தான் இருந்தது. 1975-இல் 17,500 டாலருக்குப் போன அந்தக் குதிரை 1977-இல் ஒரு தோல்வியும் இல்லாமல் அமெரிக்காவில் 'டிரிபிள் கிரவுன்' எனப்படும் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது. ஆனால் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது முன்முட்டி பின்னுக்கு வளைந்திருந்தால் விலகிவிடுங்கள். வேகத்தில் முட்டியின் முன்பக்கச் சிறு எலும்புகள் ஒன்றையொன்று நசுக்கும், சில்லு தெறிக்கும். முட்டி கொஞ்சம் முன்னுக்கு வளைந்திருப்பது அவ்வளவு ஆபத்தில்லை. ஜான் ஹென்றி என்ற குதிரைக்கு முட்டி பின்னுக்கு வளைந்துதான் இருந்தது, 1,100 டாலருக்கு விற்ற அது ஒன்பது வயதிலும் பெரிய பந்தயங்களை ஜெயித்தது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அப்படிப்பட்ட கால்களோடு உடைந்துபோன குதிரைகளின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

சரிசெய்யக் கூடிய காரணங்கள்: பந்தயம் தொடங்கும் கேட்டுக்குள் நிற்க மறுப்பது, வாய்க்கம்பியோடு சண்டை, தீனி எடுக்காமை, தவறான தூரத்தில் ஓடிய தோல்விகள், மோசமான குளம்பு. பயிற்சியாளரின் கவனத்துக்குக் கூலி கிடைக்கும் இடங்கள் இவைதான்.

தீராத காரணங்கள்: முன்னங்காலின் பின்பக்கத் தசைநாணில் பழைய கிழிசல், மூட்டுத் தேய்மானம், ஒவ்வொரு ஓட்டத்திலும் நுரையீரலில் பெரிய ரத்தக்கசிவு. எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

3. வாங்கும் இடத்தில் பார்க்கும் வரிசை

வம்சாவளிப் புத்தகத்தை முதலில் திறக்காதீர்கள். நல்ல தகப்பன் பெயரைப் படித்துவிட்டால் கண் மன்னிக்க ஆரம்பித்துவிடும். குதிரையைப் பார்த்துக் குறிப்பு எழுதிய பிறகு ஏட்டைப் பாருங்கள்.

முதலில் நடையைப் பாருங்கள். சமதளமான கெட்டித் தரையில் உங்களை நோக்கி வரச் சொல்லுங்கள், விலகிப் போகச் சொல்லுங்கள், பிறகு பக்கவாட்டில். பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழுகிறதா, தோள் தாராளமாக அசைகிறதா என்று கவனியுங்கள். நடையில் தாராளம் உள்ள குதிரை வேகத்திலும் தாராளமாக எட்டி வைக்கும் என்பது என் அனுபவம்.

அடுத்து டிராட், அதாவது நடைக்கு அடுத்த மெல்லோட்டம். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். புதியவர்கள் இதை மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் கையால் தொடுவது. இரண்டு முன்னங்கால்களையும் மாற்றி மாற்றித் தடவி ஒப்பிடுங்கள். குளம்புகள் இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று குறுகி இருந்தால் அந்தக் காலில் அது வெகுநாளாகப் பாரம் போடாமல் இருந்திருக்கலாம்.

கடைசியில் மூச்சு. வட்டமாக ஓடவிட்டு அருகில் நின்று கேளுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது இரைச்சலோ விசில் போன்ற சத்தமோ வந்தால் குரல்வளையின் ஒரு பக்கம், பெரும்பாலும் இடப்பக்கம், செயலிழந்திருக்கலாம். எண்டோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) வைத்துப் பார்க்காமல் அதை வாங்காதீர்கள்.

ஏற்கெனவே ஓடிய குதிரையென்றால் பந்தய வீடியோக்களை எல்லாம் பாருங்கள். எத்தனையாவதாக வந்தது என்பதைவிட, எங்கே தளர்ந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது, முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் தொடர்ந்து ஓடியதா என்பவை அதிகம் சொல்லும்.

4. முதல் முப்பது நாள்: அவசரப்படாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். குதிரை வந்த மூன்றாம் நாள் அதன் வேகத்தைப் பார்க்க ஆசை வரும். பார்க்காதீர்கள்.

முதல் மூன்று வாரம் மற்ற குதிரைகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். காலை, மாலை உடல் வெப்பம் எடுங்கள். வழக்கமாக 37.2-க்கும் 38.3 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் இருக்கும். 38.5-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தாடைக்கடியில் கட்டி வைத்துச் சீழ் வடியும் தொற்றில் காய்ச்சல்தான் முதலில் வரும், கட்டி பிறகுதான் தெரியும். வெப்பமானி இல்லாத லாயத்தில் ஒரு குதிரையால் எல்லாக் குதிரைகளும் படுத்துவிடும்.

அதே நாட்களில் பல் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சுமார் இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுக்குள் குதிரைக்கு 24 பால்பற்கள் விழுந்து முளைக்கின்றன. பந்தயக் குதிரையின் முக்கியமான பயிற்சிக் காலமும் அதேதான். தலையை உதறுகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, அடங்காது என்று விற்கப்பட்ட குதிரைகளில் சிலவற்றுக்கு வாயில் வலி மட்டுமே கோளாறாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பல்லைச் சரிசெய்த மறுவாரம் வேறு குதிரை போல் ஆகிவிடும்.

அடுத்து வயிறு. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பான்மைக்கு இரைப்பையில் புண் இருக்கிறது. குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரக்கிறது, உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே வருகிறது. மந்தமான ரோமம், பாதித் தீனியில் நிறுத்துவது, வார்ப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வருவது போன்றவை தென்பட்டால் மருத்துவரிடம் இரைப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடற்புழுவுக்குச் சாணத்தில் முட்டை எண்ணிக்கை பார்த்து மருந்து கொடுங்கள். குளம்பைப் பொறுத்தவரை, முன்பகுதி நீண்டு குதிகால் தாழ்ந்திருந்தால் தசைநாண் மேல் இழுவை கூடும். ஒரே தடவையில் சீவி நேராக்கக் கூடாது. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவதுதான் முறை.

5. தீனி

புல்லிலிருந்து தொடங்குங்கள், தானியத்திலிருந்து அல்ல. 450 கிலோ குதிரைக்கு உலர்புல் ஒரு நாளைக்கு ஏழு கிலோ அளவுக்காவது உள்ளே போக வேண்டும். தானியம் ஒரு வேளைக்கு இரண்டு கிலோவைத் தாண்டினால் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் அந்த வழியில்தான் வருகின்றன. அதிகம் கொடுக்க வேண்டுமானால் வேளையைக் கூட்டுங்கள்.

டப்பாவால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். ஒரே டப்பா ஓட்ஸைவிட ஒரு டப்பா மக்காச்சோளம் எடையும் அதிகம், சக்தியும் அதிகம். எந்த மாற்றமானாலும் ஏழிலிருந்து பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். காலைப் பயிற்சிக்கு முன் கொஞ்சம் உலர்புல் போடுங்கள். வெறும் வயிற்றோடு ஓடினால் அமிலம் இரைப்பையின் மேற்பகுதியில் தெறிக்கும்.

ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாக்குங்கள், அதையும் முந்தின நாள் மாலையிலேயே தொடங்குங்கள். முழுத் தீனியோடு ஒரு நாள் சும்மா நின்ற குதிரை, குறிப்பாகப் பதற்றமான இளம் பெண் குதிரை, மறுநாள் ஓட்டத்தில் பின்தசை கல்லாகி நின்றுவிடலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். அப்போது நடத்தாதீர்கள், நின்ற இடத்திலேயே வைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

6. உடலைக் கட்டும் வரிசை

நெஞ்சு முதலில் தயாராகும், தசை அடுத்து, எலும்பும் தசைநாணும் கடைசியில். சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் வேகத்துக்குத் தயார் என்று சொல்லிவிடும். குதிரை துள்ளும், பளபளக்கும், கடிவாளத்தைப் பிடுங்கும். எலும்பு அப்போது பாதி வழியில் இருக்கிறது. வெளித்தோற்றத்தை நம்பி அந்த வாரத்தில் முழு வேகம் கொடுப்பவர்தான் குதிரையை இழக்கிறார்.

முதல் நான்கிலிருந்து ஆறு வாரம் நடை, டிராட், மெதுவான கேன்டர் (டிராட்டைவிட வேகமான, முழு வேகத்துக்குக் குறைந்த ஓட்டம்). பாரம் தாங்கப் பழகுவதும் நேராக ஓடப் பழகுவதும் தவிர வேறு நோக்கம் கிடையாது. இரு கைப்பக்கமும் ஓட்டுங்கள். ஒரே திசையில் மட்டும் சுற்றும் குதிரைக்கு ஒரு பக்கக் கால் மட்டும் தேயும்.

அடுத்த கட்டம் கேன்டர் தூரத்தைக் கூட்டுவது. ஒரு பர்லாங், அதாவது சுமார் 200 மீட்டரை, ஏறக்குறைய 20 விநாடியில் கடக்கும் வேகம் போதும்.

அதன் பிறகு வேகம், ஆனால் துண்டு துண்டாக. வாரத்தில் ஒன்றிரண்டு நாள், கேன்டரின் முடிவில் ஒரே ஒரு பர்லாங்கை 15 விநாடி வேகத்தில். சில வாரம் கழித்து இரண்டு பர்லாங். பந்தய வேகமான 12 விநாடிக்கு அருகில் போவது இதற்கெல்லாம் பிறகுதான். எலும்பு தான் எதிர்கொள்ளும் வேகத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். நீண்ட மெதுவான ஓட்டம் மட்டும் கொடுத்தால் அது மெதுவான ஓட்டத்துக்கான எலும்பாகவே இருக்கும், முதல் பந்தயத்தில் முன்கால் எலும்பின் முன்பக்கம் வலித்து வீங்கும். சின்ன அளவில் வேகம், நடுவில் போதிய நாட்கள் என்று கொடுத்தால் அந்த முன்பக்கம் தடித்து உறுதியாகும்.

தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். குதிரை தடுமாறினால் எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஓய்வில் இருந்த குதிரையைப் பழைய இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. ஓய்வில் எலும்பும் இளகியிருக்கும். இரண்டு கட்டம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். மலிவுக் குதிரைகளில் பல இப்படி நீண்ட ஓய்வுக்குப் பிறகுதான் கைக்கு வருகின்றன, அதனால் இதை மறக்கவே கூடாது.

இதயத்துடிப்பை எழுதி வையுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28-லிருந்து 44 வரை, உச்சத்தில் 220-ஐத் தாண்டும். ஒரே அளவு வேலைக்குப் பின் பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு என்று வாரா வாரம் பாருங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் உடல் தேறுகிறது. திடீரென்று ஏறினால் வலியோ தொற்றோ ஒளிந்திருக்கிறது.

7. தினமும் கால் தடவுவது

இதை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். காலையில் சவாரிக்கு முன், கட்டு அவிழ்த்த பிறகு, தைலம் எதுவும் பூசுவதற்கு முன், நீங்களே உட்கார்ந்து நான்கு காலையும் தடவுங்கள். வேலை முடிந்த சூட்டில் எல்லாக் காலும் ஒன்று போலத்தான் இருக்கும்.

காலை மடக்கித் தூக்கிப் பிடித்து, பின்பக்கத் தசைநாணை இரண்டு விரலால் மேலிருந்து கீழே உருட்டுங்கள். பென்சில் போல ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மெத்தென்று இருந்தாலோ, அழுத்தும்போது குதிரை காலை இழுத்தாலோ அன்று ஓட்டம் கிடையாது, ஸ்கேன் எடுங்கள். குளம்புச் சூட்டையும் அதற்கு மேலே ஓடும் நாடித்துடிப்பையும் மற்றக் காலோடு ஒப்பிடுங்கள்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. முழுமையாகக் கிழிந்த தசைநாண் ஆற ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், ஆறிய இடத்தில் தழும்புத் திசுதான் இருக்கும், பழைய நெகிழ்வு வராது. கிழிவதற்கு முன் சில நாட்கள் அது விரலுக்குச் சூடாகத் தெரியும் வாய்ப்பு இருக்கிறது. அந்தச் சில நாட்களில்தான் நாம் குதிரையைக் காப்பாற்ற முடியும்.

8. கேட்டும் சவாரிக்காரரும்

கேட் பயிற்சியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இரண்டாம் மாதத்திலிருந்தே வாரத்தில் இரண்டு நாள், திறந்த கேட் வழியாக நடந்து போகட்டும். பிறகு உள்ளே நிறுத்தி, வெறுமனே நின்றுவிட்டு வெளியே வரட்டும். மணியடித்துக் கிளம்புவது சில தடவை போதும். ஒவ்வொரு முறையும் வெடித்துக் கிளம்பப் பழக்கினால் அது உள்ளே நிற்கும்போதே கொதிக்க ஆரம்பிக்கும்.

ஒரு குதிரைக்கு முடிந்தவரை ஒரே சவாரிக்காரர். தினமும் அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது?" "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும்.

9. எந்தப் பந்தயத்தில் விடுவது

மலிவுக் குதிரையை ஜெயிக்க வைப்பதில் பாதி இந்த முடிவில்தான் இருக்கிறது. குதிரையைப் பற்றி உங்களுக்கு இருக்கும் ஆசையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முதல் பந்தயத்துக்கு அது ஜெயிக்கக் கூடிய மிகத் தாழ்ந்த வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். உரிமையாளர் பெரிய பந்தயத்தின் பெயரைச் சொல்வார். பணிவாக மறுத்துவிடுங்கள். வலுவான எதிரிகளோடு மோதிய குதிரை முழு உயிரையும் கொடுத்து ஏழாவதாக வரும், மூன்று வாரம் தீனி எடுக்காது. அதே குதிரை தன் தரத்தில் ஓடினால் கையிருப்பு வைத்துக்கொண்டே முன்னால் வரும்.

தூரத்தை வீடியோ சொல்லும். கடைசியில் வேகம் பிடித்து, முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்க மறுத்தால் தூரத்தைக் கூட்டுங்கள். முன்னால் போய்க் கடைசிப் பர்லாங்கில் சுருங்கினால் குறையுங்கள். ஆனால் குறைப்பதற்கு முன் மூச்சுக்குழாயைப் பார்த்துவிடுங்கள். மூச்சடைத்த குதிரையும் அப்படித்தான் சுருங்கும்.

ஹேண்டிகேப் என்பது திறமைக்கு ஏற்ப எடை சுமத்தும் முறை; அதில் ஒவ்வொரு வெற்றியும் குதிரையின் ரேட்டிங்கை, அதாவது தர மதிப்பெண்ணை ஏற்றி, முதுகில் எடையைக் கூட்டும். அதனால் ஒரு வெற்றிக்குப் பிறகு அடுத்த வகுப்பில் அது எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே எழுதிப் பாருங்கள். இதற்காக ஒரு பந்தயத்திலும் குதிரையை அடக்கி ஓட்டச் சொல்லாதீர்கள். அது விதிமீறல், பந்தயம் கட்டியவர்களுக்கும் துரோகம்.

கிளெய்மிங் பந்தயங்கள் நடக்கும் இடமாக இருந்தால் அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அறிவித்த விலைக்கு யார் வேண்டுமானாலும் உங்கள் குதிரையை எடுத்துக்கொள்ளலாம். அதே வழியில் நீங்களும் எடுக்கலாம். 1943-இல் அமெரிக்கப் பயிற்சியாளர் ஹிர்ஷ் ஜேக்கப்ஸ் 1,500 டாலர் கொடுத்து எடுத்த ஸ்டைமி என்ற குதிரை 131 பந்தயம் ஓடி 9,18,485 டாலர் ஈட்டியது. இழக்கத் தயாராக இல்லாத குதிரையை அங்கே விடாதீர்கள்.

இன்னும் தயாராகவில்லை என்று தோன்றினால் விலக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டே குதிரைகளுக்குப் பயிற்சி கொடுத்த ஜோ ஜானியாக், முட்டிக் கோளாறுள்ள டேக்ஓவர் டார்கெட் என்ற குதிரையை 1,250 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கினார். நான்கு வயதில்தான் அது முதல் பந்தயம் ஓடியது. 2006-இல் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் பந்தய விழாவில் கிங்ஸ் ஸ்டாண்ட் பந்தயத்தை ஜெயித்தது.

10. பந்தய நாள்

நீண்ட பயணமென்றால் தலையை உயர்த்திக் கட்டாதீர்கள். தலை தாழ்த்த முடியாத குதிரையால் மூச்சுக்குழாய்ச் சளியை வெளியேற்ற முடியாது, நுரையீரலில் தொற்று வரும். வழியில் நிறுத்தித் தலையைத் தாழ்த்தவிடுங்கள், தண்ணீர் காட்டுங்கள்.

மருந்து விஷயத்தில் யார் கொடுத்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை, பொறுப்பு பயிற்சியாளருடையது. எந்த மருந்தும் எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். லாயத்துக்குள் காப்பி, டீ, சாக்லேட் கூடாது. காபீனும் தியோபுரோமினும் பரிசோதனையில் தெரியும். படுக்கைப் புல்லில் யாரும் சிறுநீர் கழிக்கக் கூடாது. அந்த ஆள் சாப்பிட்ட மாத்திரை குதிரையின் மாதிரியில் வந்துவிடக் கூடும்.

11. பந்தயம் முடிந்த பிறகு

அன்று இரவு தீனித் தொட்டியைப் பாருங்கள். காலியாக இருந்தால் பந்தயத்தைக் குதிரை தாங்கியிருக்கிறது. மிச்சம் வைத்திருந்தால் அடுத்த பந்தயத் தேதியைத் தள்ளிவையுங்கள்.

ஓட்டம் முடிந்து அரைமணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பில் மூச்சுக்குழாயைப் பார்ப்பது நல்லது. நுரையீரலில் கசிந்த ரத்தம் மூக்குக்கு வருவது சில குதிரைகளில் மட்டும்தான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் டிராட் வைத்துப் பாருங்கள். சில நொண்டல் இரண்டாம் நாள்தான் தெரியும். மூன்று நான்கு நாள் நடை மட்டும். உடல் எடையை நிறுத்து, பந்தயத்துக்கு முந்தின எடைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகிறது என்று குறியுங்கள். ஜெயித்த நாளின் எடையைத் தனியாக எழுதி வைத்தால் அடுத்த முறை எங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

12. எப்போது நிறுத்துவது

வாங்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்: இத்தனை மாதத்துக்குள் இந்த நிலைக்கு வராவிட்டால், அல்லது இன்ன காயம் வந்தால், பந்தயம் முடிந்தது. ஆசை ஏறிய பிறகு இந்த முடிவை நேர்மையாக எடுக்க முடியாது.

பந்தயத்துக்குப் போதாத குதிரை சவாரிக்கோ, தாண்டுதலுக்கோ, துணைக் குதிரையாகவோ நன்றாகப் போகலாம். கால் முழுதாக இருக்கும்போதே அந்த இடத்தைத் தேடுங்கள். வாங்குபவரிடம் மருத்துவக் குறிப்புகள் எல்லாவற்றையும் கொடுங்கள். அது உங்கள் கைக்கு வரும்போது அந்தக் குறிப்புகள் இல்லாமல் நீங்கள் எவ்வளவு தடவித் தேடினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.